கரையில் பார்க்க வேண்டிய கிழிசல்

வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போனால், படகைக் கரையேற்றிவிட்டு, வலையை மடிமேல் பரப்பிக்கொண்டு, ஒரு கையால் வலைக்கண்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தபடி, மறு கையில் வலை பின்னும் ஊசியோடு அமர்ந்திருக்கும் மீனவர்களைக் காணலாம். நாளைக்கு ஏரியில் இறங்கிய பிறகு, இறால் தப்பிப் போன வழியாக மட்டுமே தெரியவரக்கூடிய கிழிசலை, அவர்கள் இன்றைக்கே கரையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், ஏரியின் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. தமக்கு முறை வந்த நாளில் வலை கிழிந்திருந்தால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பதால், கிழிசலைக் கரையிலேயே பார்க்கும் சிரத்தை அங்கே யாரும் யாருக்கும் உபதேசிக்க வேண்டாத ஒன்று.

அந்தக் கரைக்குப் புதன்கிழமைகளில் வேறொரு ஊசியும் வருகிறது. நீல நிறப் பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, அரசாங்கத்தார் கிராம சுகாதாரச் செவிலியர் என்றும் ஊரார் நர்சம்மா என்றும் அழைக்கும் பெண்மணி, அங்கன்வாடியின் முன்கூடத்தில் வந்து அமர்கிறார். ஏலத்தில் மீனைக் கொடுத்துவிட்டு, கையில் ஈரமும் செதிலும் காயாமலே, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து சேர்கிறார்கள். இந்தச் சிறிய கூடத்தில் அரை நாளில் நடந்து முடிகிற காரியத்துக்குப் பின்னால் மாநிலத்தின் மருந்துக் கிடங்குகள், மாவட்டத்தின் குளிர்சாதனங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடுகள் ஆகிய அனைத்தும் நிற்கின்றன. ஆயினும் அவை அத்தனையும் சரியாக இருந்து, இந்தக் கூடத்தில் ஒரு கை தவறினால், அவ்வளவும் வீணாகும். ஆகவே நான் இங்கே கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஊசியின் கிழிசலை நாம் கரையில் பார்க்கிறோமா, அல்லது ஏரியில் இறங்கிய பிறகுதான் பார்க்கிறோமா?

கூடத்தில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து கவனிப்போம். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடப்படும் மருந்து, குப்பியின் அடியில் உலர்ந்த வில்லையாகக் கிடக்கிறது. அதனோடு வந்த கரைக்கும் நீரை, அதே கம்பெனி அந்த மருந்துக்கென்றே அனுப்பிய நீரை, புதிய சிரிஞ்சு ஒன்றால் எடுத்துக் குப்பிக்குள் செலுத்திக் கரைக்க வேண்டும். மருந்தைப் போலவே அந்த நீரும் முன்கூட்டியே 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். கரைத்த உடனே, கரைத்த மணியைக் குப்பியின் மேல் எழுத வேண்டும். அந்த மணியிலிருந்து நான்கு மணி நேரம் சென்றால், குப்பியில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். கரைப்பதற்கு எடுத்த சிரிஞ்சு அந்த ஒரு குப்பியோடு சரி. குழந்தைக்குக் குத்தும் சிரிஞ்சோ, ஒரு முறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொண்டு இரண்டாம் முறை இழுக்க வராதபடி செய்யப்பட்டது. நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வகைச் சிரிஞ்சு 2005ஆம் ஆண்டு முதல் புழக்கத்துக்கு வந்தது. குத்தி முடிந்ததும் ஊசிக்கு மறுபடி மூடி போடாமல், பக்கத்தில் உள்ள வெட்டும் கருவியில் அதன் அடிப்பாகத்தை நறுக்கிவிட வேண்டும். பிறகு தாயை அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்ல வேண்டும். ஒவ்வாமையால் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் அந்த அரை மணிக்குள்தான் பெரும்பாலும் தெரியும், அப்போது அட்ரினலின் மருந்து எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதை எந்த அளவு எங்கே போடுவது என்பது புத்தகத்தைப் புரட்டாமலே நர்சம்மாவின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் சம்பிரதாயத்துக்காக ஏற்பட்ட விதி அன்று. கரைத்த தட்டம்மை மருந்தில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் ஏதும் சேர்க்கப்படுவதில்லை. ஊசி முனையோடு ஒரு கிருமி உள்ளே போனால், வெப்பமான கூடத்தில் அது சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி விஷத்தைச் சுரந்துவிடும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் தெற்கு சூடானின் மூலையிலுள்ள ஒரு கிராமப் பகுதியில், குப்பிக் குப்பியாக மருந்தைக் கரைப்பதற்கு ஒரே சிரிஞ்சை நான்கு நாட்கள் பயன்படுத்தினார்கள், மருந்துக்குக் குளிர்ச்சியும் இல்லை. 15 குழந்தைகள் மாண்டன. மருந்து நல்ல மருந்துதான். 2014ஆம் ஆண்டில் சிரியாவின் இத்லிப் பகுதியில் கரைக்கும் நீர் என்று நினைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் அறுவைச் சிகிச்சை மருந்தைக் கலந்துவிட்டதால் 15 குழந்தைகள் இறந்தன. இரண்டும் ஒரே குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, இரண்டின் குப்பிகளும் பார்வைக்கு ஒன்று போல் இருந்தன.

வெப்பத்தைப் பற்றி நாம் எல்லோரும் அறிவோம்; பனிக்கட்டியைப் பற்றி அறிந்தவர் குறைவு. ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பெண்டாவேலன்ட் போன்ற மருந்துகள் உறைந்துபோனால் பயனற்றவை ஆகிவிடும், அவற்றைக் கண்டு யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆகையால் பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் பாக்கெட்டை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைத்துவிடாமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் சப்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருக்க வேண்டும். பழவேற்காட்டுச் சித்திரை வெயிலில், ஏரியையோ உப்பங்கழியையோ கடந்து போகவேண்டிய நர்சம்மாவுக்கு, ‘மருந்து சூடாகிவிடக் கூடாதே’ என்ற கவலையால் கட்டியாக உறைந்த பாக்கெட்டுகளை அப்படியே அடுக்கத் தோன்றுவது இயல்பு. கரையில் அதை ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தாலொழிய, சிரத்தையே தவறுக்குக் காரணமாகிவிடுகிறது.

இந்தக் கவலை நமக்குத் தூரதேசத்துச் சங்கதி அல்ல. பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில், 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, அதுவும் ஒரு புதன்கிழமை, தட்டம்மை ஊசி போடப்பட்ட குழந்தைகளில் நான்கு பேர் அன்றே இறந்துபோனார்கள். மருந்தின் மீதும், அதைக் கரைத்த முறையின் மீதும், கரைத்த கையின் மீதும் கேள்விகள் எழுந்தன, மாநிலமே கலங்கிற்று. அந்தத் தாய்மார்களின் துக்கத்துக்கு முன்னால் வாதப் பிரதிவாதங்களுக்கு இடமில்லை. ஆனால் அதன் பிறகு அரசாங்கம் எடுத்த முடிவைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு. ஊர்களிலும் குப்பங்களிலும் நடந்து வந்த தடுப்பூசி அமர்வுகள் நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும்தான் ஊசி போடப்படும் என்றாயிற்று.

அந்த முடிவில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறென்ன என்று கேட்பார்கள். நானும் அப்படியே நினைத்திருப்பேன். ஆயினும் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து யோசித்துப் பார்த்தால் நியாயத்தின் மறுபக்கம் தெரியும். விடியற்காலையில் படகு வரும், படகு வந்ததும் ஏலம், ஏலம் முடிந்தால் சில்லறை விற்பனைக்குக் கூடையோடு பஸ் ஏற வேண்டும், அல்லது மிஞ்சியதை உப்பிட்டுக் காயவைக்க வேண்டும். இறாலைச் சேற்றில் கையால் தடவிப் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்ட ஓலைப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்ணுக்கோ, இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற நேரம்தான் அன்றைய கூலி. அவளிடம், ‘குழந்தைக்கு நோய் ஒன்றும் இல்லை, நோய் வராமலிருப்பதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இத்தனை தூரம் வா’ என்று சொல்வது எளிது. அந்த ஒரு நாளை அவளுக்கு யார் கொடுப்பது? நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மைலும் ஓடுகிறவள்தான் அவள். நோயில்லாத குழந்தைக்கு ஊர்ப் பக்கத்தில் ஊசி இருந்தால் போடுவாள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்பாள், அடுத்த வாரமும் படகு வரும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கைப் பார்த்தால், தமிழ்நாட்டில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்றவர்கள் 2005-06இல் நூற்றுக்கு 81 பேர். பத்தாண்டு கழித்து 2015-16இல் அது 70 ஆக இறங்கிவிட்டது. நாடெங்கும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், பொது சுகாதாரத்தில் முன்னோடி என்று பெருமை பேசும் நம் மாநிலத்தில் அது இறங்கிற்று. இந்த இறக்கத்துக்கு 2008ஆம் ஆண்டு முடிவு ஒன்றே காரணம் என்று கூறுவது அடாது. பத்தாண்டில் எத்தனையோ காரணங்கள் சேரும். ஆனால் ஊசியை ஊரிலிருந்து அகற்றியது அதில் ஒரு பங்கும் வகிக்கவில்லை என்று யார் சாதிக்க முடியும்? காலம் செல்லச் செல்ல அமர்வுகள் ஊர்களுக்குத் திரும்பின. அடுத்த ஆய்வில் எண்ணிக்கை 89 ஆக ஏறிற்று. அபாயத்தை நீக்குவதாக எண்ணி நாம் இடத்தை மாற்றினோம். ஊரில் இருந்த கையை ஆயத்தப்படுத்துவதல்லவா செய்திருக்க வேண்டும்?

இதே பாடத்தை நம்மைவிடக் கொடிய விலை கொடுத்துக் கற்றது பசிபிக் கடலில் உள்ள சமோவா என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு. கடலை நம்பி வாழும் ஜனங்கள், மொத்தத்தில் இரண்டு லட்சம் பேர். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், தட்டம்மை மருந்தைக் கரைக்கும் நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைச் செயலிழப்பு மருந்து கலந்துபோய் இரண்டு குழந்தைகள் இறந்தன. இரண்டு நர்சுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள்; தடுப்பூசித் திட்டம் பல மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது; ஜனங்களின் நம்பிக்கையும் அதோடு போயிற்று. அவ்வாண்டில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 31 பேர்தான். மறு ஆண்டு தட்டம்மை வந்தது. 83 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். இரண்டு சாவுகளைத் தாங்க மாட்டாத நாடு அதற்குப் பரிகாரமாகச் செய்த காரியம் எண்பதுக்கு மேற்பட்ட சாவுகளுக்கு வாசலைத் திறந்து வைத்தது. தண்டனை நியாயமானதாகவே இருக்கட்டும். அது இரண்டு மருந்துகள் மாறிப்போக இடம் கொடுத்த நிலையை முன்கூட்டி மாற்றியிருக்குமா என்பதுதான் கேள்வி.

ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டு விஷயம் முடிந்துவிட்டதென்று திருப்திப்படுவது நம் நாட்டிலும் பழைய வழக்கம். 1902ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அன்றைய பஞ்சாபிலிருந்த முல்கோவால் என்ற ஊரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போட்டார்கள்; அவர்களில் 19 பேர் இசிவு நோய் கண்டு மாண்டார்கள், அத்தனை பேரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள். அந்த மருந்தைக் கண்டுபிடித்துப் பம்பாயில் தயாரித்து வந்த ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி உத்தியோகத்திலிருந்து விலக்கப்பட்டார். புட்டியைத் திறந்தபோது உதவியாளர் ஒருவர் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததையும், அதைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் கிருமிநாசினியில் அலசிவிட்டு மறுபடி உபயோகித்ததையும் எடுத்துக்காட்டி, ரொனால்டு ராஸ் போன்ற பெரியவர்கள் வாதாடிய பிறகே 1907இல் அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. ஐந்து வருஷம் ஒரு மேதையின் வாழ்வு பாழாயிற்று. கீழே விழுந்த இடுக்கியை என்ன செய்ய வேண்டும் என்று அந்த உதவியாளருக்கு அதற்கு முந்தைய நாள் யாராவது செய்து காட்டியிருந்தால், 19 உயிர்களும் அந்த மேதையின் ஐந்து வருஷமும் மிஞ்சியிருக்கக்கூடும்.

அப்படியானால் ஆயத்தத்தைச் சோதிப்பது எப்படி? நம் அலுவலகங்களுக்குத் தெரிந்த சோதனை, பதிவேட்டைச் சோதிப்பது. குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறோம். எழுதியிருக்கிறது, எல்லா நாளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே எண்ணாக எழுதியிருக்கிறது. அல்லது நர்சம்மாவைக் கூப்பிட்டு, ‘கரைத்த மருந்தை எவ்வளவு நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்?’ என்று கேட்கிறோம். ‘நான்கு மணி நேரம்’ என்று சரியான பதில் வருகிறது. அறிவதும் செய்வதும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொள்ளாத சோதனை, வலையைச் சுருட்டி வைத்தபடியே ‘கிழிசல் உண்டா?’ என்று கேட்பதற்குச் சமம். இந்தக் கேள்விக்கு எந்த மீனவர் ‘உண்டு’ என்பார்? விரித்துப் பார்க்க வேண்டும். அதாவது, அமர்வு நடக்கும் கூடத்திலேயே ஓரமாக உட்கார்ந்து, பெட்டியைத் திறப்பது முதல் வெட்டிய ஊசியைக் கட்டி அனுப்புவது வரை, குறுக்கே பேசாமல் பார்க்க வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்தியா முழுவதும் ஊசி போடும் முறைகளை நேரில் பார்த்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 63 ஊசிகள் ஏதாவதொரு வகையில் பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. பதிவேடுகளை மட்டும் புரட்டியிருந்தால் அந்த எண் ஒருநாளும் வெளிவந்திராது. தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான்.

விரித்துப் பார்க்கும்போது, கிழிசல் எல்லாம் நர்சம்மாவின் கையில் இல்லை என்பதும் தெரியவரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கிறது. குப்பத்திலோ அன்றைக்கு வந்திருக்கும் குழந்தைகள் இரண்டே பேர். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பது விதி. திறந்தால் மிச்சத்தை நான்கு மணி நேரத்தில் எறிய வேண்டும் என்பதும் விதி. ஆனால் மாத முடிவில் ‘மருந்து ஏன் இவ்வளவு வீணாயிற்று?’ என்று கேட்கிற கடுதாசி ஒன்று வருமானால், இரண்டு விதிகளும் மறைந்துபோய் மூன்றாவது விதி ஒன்று மனத்துக்குள் எழுதப்பட்டுவிடும்: ஒன்று, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று தாயைத் திருப்பி அனுப்புவது, அல்லது, கரைத்த மருந்தை அடுத்த குப்பத்துக்கும் கொண்டுபோய் ஐந்தாவது மணியில் போடுவது. முன்னது குழந்தையை நோய்க்கு விட்டுவிடுகிறது, பின்னது அபாயத்துக்கு விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் கையெழுத்திட்டவர் யார்? கணக்குக் கேட்டவர் அல்லவா? துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேர் என்றும், மலைப்பகுதி முதலிய கடினமான இடங்களில் 3,000 பேர் என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் சமவெளியாகத் தெரியும் ஏரிக்கரை, நடப்பவர் காலுக்கு எவ்வளவு கடினமானது என்பதை வரைபடம் சொல்லாது. ஒரு செவிலியரே பிரசவக் கணக்கும், குடும்பக் கணக்கும், கைப்பேசியில் ஏற்ற வேண்டிய கணக்கும் பார்த்துக்கொண்டு, பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த வேலையையும் சுமந்துகொண்டு, ஒரே நாளில் இரண்டு குப்பங்களில் ஊசி போடுவாரானால், அவரைச் சோதிப்பதற்கு முன்னால் அவரை அனுப்பியவர்களைச் சோதிப்பதுதான் முறை.

இவ்வளவையும் பத்திரிகையில் விவரிப்பது ஜனங்களின் மனத்தில் வீண் பயத்தை உண்டாக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் காரணம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டில் ராஜாஜி அவர்களே பி.சி.ஜி. ஊசியைப் பலமாக எதிர்த்து எழுதினார். அந்த மருந்தைத் தயாரித்து வந்த நிலையமோ நம் கிண்டியிலேயே இருந்தது. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, கைப்பேசி வழியாகப் பரவிய வதந்திகளால் எத்தனையோ பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். ஆனால் வதந்தி எதைத் தின்று வளர்கிறது? மௌனத்தை. ‘ஊசி முற்றிலும் பாதுகாப்பானது, கேள்வி கேட்காதே’ என்று சொல்பவனிடம் நம்பிக்கை ஒரு விபத்து நடக்கும்வரை இருக்கும். ‘இந்த இந்த இடத்தில் தவறு நேரலாம், அதனால் இப்படி இப்படிப் பார்த்துக்கொள்கிறோம், நீயும் பார்’ என்று சொல்பவனிடம் அது விபத்துக்குப் பிறகும் மிஞ்சும். தட்டம்மையோ காத்திருக்காத நோய். ஊசி போடாத பத்துப் பேர் நடுவில் ஒரு நோயாளி இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கக்கூடியது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் குப்பத்தில் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊசியை நான் நம்புகிறேன். நம்புவதால்தான் அதைப் போடும் ஏற்பாட்டைச் சோதிக்கச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தடுப்பூசிக் குளிர்பெட்டியில் தடுப்பூசியும் அதன் நீரும் தவிர வேறெந்த மருந்தும், எவ்வளவு அவசரமானாலும், ஒரு நாள்கூட வைக்கப்படக் கூடாது. இதற்குப் பூட்டும் சாவியும் ஓர் உறுதியும் போதும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, வேற்று வட்டாரத்திலிருந்து வரும் அனுபவமுள்ள செவிலியர் ஒருவர், முன்னறிவிப்பில்லாமல் அமர்வில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே அங்கேயே தவறியதைச் செய்து காட்டிவிட்டுப் போக வேண்டும். மேலதிகாரி பார்ப்பதைவிட அதே பெட்டியைத் தோளில் சுமந்தவர் பார்ப்பதே பயன் தரும். அட்ரினலின் போடும் பயிற்சி வகுப்பில் கேட்பதாக இல்லாமல், கையால் செய்து பழகுவதாக இருக்க வேண்டும். தவறு நேர இருந்து தப்பியதைத் தாமாக வந்து சொல்லும் செவிலியருக்குக் குறிப்பாணை கொடுக்காமல் நன்றி சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்தால்தான் பக்கத்து வட்டாரத்துக் குழந்தை பிழைக்கும். மருந்து வீணானதற்குக் கணக்குக் கேட்பதை, தொலைதூரக் குப்பங்களைப் பொறுத்தவரை அறவே விட்டுவிட வேண்டும். பார்த்துக் கண்டதை, யார் பெயரையும் இழுக்காமல், கிராம சபையில் படித்துக்காட்ட வேண்டும். எத்தனை அமர்வு பார்த்தோம், எத்தனையில் கரைத்த மணி எழுதியிருந்தது, எத்தனையில் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள் என்ற மூன்று வரி போதும். அமர்வின் நேரத்தையோ, அலுவலகக் கடிகாரத்தை வைத்து நிர்ணயிக்காமல், ஏலம் முடியும் நேரத்தை வைத்து நிர்ணயிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. மருந்துக் குப்பிகளின் மேல் ஒரு சிறு வட்டமும் அதன் நடுவே ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். குப்பி வெயிலில் அல்லல்பட்டிருந்தால் அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வந்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிடும்; எட்டிவிட்டால் அந்த மருந்து உதவாது. உறைந்து கெட்டதை அது காட்டாது என்றாலும், வெந்து கெட்டதை எழுத்தறியாதவரும் ஒரு பார்வையில் கண்டுகொள்ளலாம். பழவேற்காட்டு ஏலக்களத்தில் நிற்கும் பெண்களுக்கு இது புதிய வித்தை அல்ல. மீன் நேற்றையதா இன்றையதா என்று அவர்கள் யாரையும் கேட்பதில்லை. விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், சிவந்திருந்தால் எடுப்பார்கள், வெளுத்திருந்தால் தள்ளிவிடுவார்கள், விற்பவர் அதற்காகக் கோபித்துக்கொள்வதும் இல்லை. குப்பியின் செவுள் இதுதான் என்று அவர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்தால், அடுத்த புதன்கிழமை, குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டுவதற்கு முன்னால், அவர்களில் ஒருத்தி கையை நீட்டி, ‘குப்பியைக் கொஞ்சம் காட்டுங்க நர்சம்மா, எத்தனை மணிக்குக் கலந்தீங்க?’ என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்காமல், குப்பியைத் திருப்பி மணியைக் காட்டுகிற செவிலியர் ஆயத்தமாக இருக்கிறார் என்று நாம் எழுதிக்கொள்ளலாம்.